விழப்போகிற பல்லுக்கு எதை வைத்து அடைப்பது?



இம்மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, பிள்ளைகளின் பல்லைப் பற்றியவைதான் பெரிய கட்டாக நின்றன. பத்தாங் காலியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு ஐந்து வயது, கடைவாய்ப் பல்லில் ஓட்டை. ஒரு கிளினிக்கில் வெள்ளையாக ஏதோ வைத்து அடைத்தார்கள், ஆறு மாதத்தில் பெயர்ந்து விழுந்துவிட்டது. இன்னொரு கிளினிக்கில் அதைவிட நல்ல பொருள் இருக்கிறது என்று மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள், நம்பலாமா என்று கேட்கிறார். சுங்கை சோவிலிருந்து ஒரு தாத்தா: பேத்தியின் பல்லுக்கு எஃகுத் தொப்பி போடச் சொல்கிறார்களாம். "பொம்பளப் பிள்ளைங்க, வாயத் தொறந்தா பளபளன்னு தெரியாதா?" ஈஜோக் பக்கமிருந்து வந்த கடிதம் ஒரே வரிதான். "விழப்போற பல்லுதானே ஐயா, பிடுங்கிப் போட்டா என்ன?"

நான் பல் டாக்டர் இல்லை. விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும், தேடிப் படித்தும் சேர்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் பிள்ளையின் வாயைப் பார்த்தவர் சொல்வதற்கு மேல் இந்தப் பக்கத்துக்கு அதிகாரம் கிடையாது. ஆனாலும் நாற்காலியில் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு என்ன கேட்பது என்று தெரியாமல் தலையாட்டிவிட்டு வருகிறோமே, அந்த நிலைமைக்கு இது உதவும்.

ஈஜோக்காரரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் சொல்லாமல் மற்ற இரண்டுக்கும் போக முடியாது.

பால்பற்கள் மொத்தம் இருபது. அவை எல்லாம் ஒரே நேரத்தில் விழுவதில்லை. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் ஆடத் தொடங்கிவிடும். ஓட்டை விழுந்து நம்மைப் படுத்துகிற கடைவாய்ப் பால்பற்கள் எட்டும் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. ஐந்து வயதில் ஒன்றைப் பிடுங்கினால் ஐந்தாறு ஆண்டுக்கு அந்த இடம் காலி. ஆறு வயதில் பால்பல் வரிசைக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. முன்னால் இடம் கிடந்தால் அது சாய்ந்து நகர்ந்து வந்துவிடும். பிறகு உரிய பல் வரும்போது அதற்கு இடமிருக்காது. பல் கோணலாக முளைத்து, பதின்ம வயதில் கம்பி கட்ட ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவழிக்கும் குடும்பங்களில் சிலவற்றுக்கு அந்தக் கதை ஐந்து வயதிலேயே தொடங்கியிருக்கும். அதையெல்லாம் விடுங்கள். பல்வலியோடு இரவு தூங்காத பிள்ளை காலையில் பள்ளிக்குப் போய் என்ன படிக்கும்? ஒரு பக்கமாகவே மென்று, சோற்றை வாயிலேயே அதக்கி வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையை நாம் "சாப்பாட்டுக்கு அடம்" என்று திட்டிக்கொண்டிருப்போம்.

இது ஏதோ சில வீடுகளின் கதை என்று நினைக்க வேண்டாம். மலேசியச் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பற்களை ஆராய்ந்தது. 2005ஆம் ஆண்டு ஆய்வில் 76.2 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குச் சொத்தை இருந்தது. 2015இல் அது 71.3 விழுக்காடாகக் குறைந்தது. பத்தாண்டு முயற்சிக்குப் பிறகும் பத்துப் பிள்ளைகளில் ஏழு பேருக்கு. 

பால்பல்லில் சொத்தை இவ்வளவு வேகமாக ஓடுவதற்குக் காரணம் அதன் அமைப்பு. வெளிப்பூச்சாக இருக்கும் எனாமல், பெரியவர்கள் பல்லில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிக் கனம்தான். உள்ளே நரம்பு இருக்கும் அறையோ பல்லின் அளவுக்குப் பெரியது, மேற்பரப்புக்கு நெருக்கமாக வந்து நிற்பது. பெரியவர் பல்லில் இரண்டு மூன்று ஆண்டு எடுக்கும் சொத்தை, பால்பல்லில் சில மாதங்களில் நரம்பைத் தொட்டுவிடலாம். அடுத்தது, பல் மென்று அரைக்கும் மேல்பக்கத்து ஓட்டை கண்ணுக்குத் தெரியும். இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடும் இடுக்கில் விழுவது தெரியாது. தோட்டத்து லயன் வீடுகளுக்கு நடுச்சுவர் ஒன்றுதான் என்பது தெரியுமே. ஒரு வீட்டில் கரையான் பிடித்தால் அடுத்த வீட்டுக்காரரும் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டியதுதான். இந்த இடுக்குச் சொத்தையும் அப்படித்தான், பெரும்பாலும் இரண்டு பற்களிலும் சேர்ந்தே இருக்கும். பத்தாங் காலித் தாயின் மகனுக்கு அடைப்பு பெயர்ந்ததற்கும் இந்த இடுக்குக்கும் தொடர்பு இருக்கக்கூடும். அதற்கு வருகிறேன்.

இனி பொருள்கள். உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண்ணாடி முன் வாயைத் திறந்து பாருங்கள். கடைவாயில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒன்றிரண்டு அடைப்பு இருக்கும். அதுதான் வெள்ளி அடைப்பு, டாக்டர்கள் சொல்லும் அமல்கம். எடையில் பாதி பாதரசம். மறுபாதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த தூள். ஈயச் சுரங்கத்தால் பிழைத்த ரவாங் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் ஆசைதான்: நம் மண்ணில் தோண்டியெடுத்த அதே வகை உலோகம்தான் நம் வாய்க்குள்ளும் போயிருக்கிறது.

அதை நம் பற்களில் வைத்தவர்களில் பலர் பல் மிஸ்ஸிகள். அவர்களைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் போக மனம் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்க டாக்டர்கள் போதாது என்று, இளம்பெண்களுக்குத் தனிப் பயிற்சி கொடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பும் முறையை நியூசிலாந்து 1921இல் தொடங்கியது. அதைப் பார்த்து மலாயாவில் 1949இல் பினாங்கில் ஒரு பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். நாடு விடுதலை பெறுவதற்கு எட்டு ஆண்டு முன்பே. அங்கே படித்து வந்தவர்கள்தான் மடக்கு நாற்காலியும் பெட்டியுமாகப் பள்ளி பள்ளியாகப் போனார்கள். வெள்ளைச் சீருடையைக் கண்டதும் கழிவறைப் பக்கம் ஓடி ஒளிந்த தலைமுறை நம்முடையது. அந்த மிஸ்ஸிகள் அடைத்த பற்களில் எத்தனையோ இன்றும் அசையாமல் இருக்கின்றன. வெள்ளி அடைப்பு அவ்வளவு உழைக்கும். ஈரம் கொஞ்சம் பட்டாலும் பொறுத்துக்கொள்ளும், விலை குறைவு, மெல்லும் அழுத்தத்துக்கு அசையாது.

பிறகு ஏன் இப்போது பிள்ளைகளுக்கு வைப்பதில்லை? பாதரசம் என்ற சொல்லைக் கேட்டாலே பெற்றோருக்குப் பகீர் என்கிறது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். இதைச் சோதிக்க அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் 534 பிள்ளைகளையும், போர்ச்சுகலின் லிஸ்பனில் 507 பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 2006இல் இரண்டு ஆய்வுகளும் வெளிவந்தன. வெள்ளி அடைப்பு வைத்த பிள்ளைகளுக்கும் வெள்ளை அடைப்பு வைத்தவர்களுக்கும் அறிவுத்திறனிலோ நினைவாற்றலிலோ நரம்புச் செயல்பாட்டிலோ வேறுபாடு காணப்படவில்லை. அமல்கத்தை ஒதுக்கத் தொடங்கியதற்கு முதன்மைக் காரணம் சுற்றுச்சூழல். கிளினிக்கிலிருந்து சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போகிற பாதரசம் மீனுக்குள் ஏறி நம் தட்டுக்குத் திரும்பி வருகிறது. ஜப்பானின் மினாமாட்டா கடற்கரையில் ஆலைக் கழிவுப் பாதரசம் மீன் தின்ற மக்களை முடமாக்கியதை உலகம் பார்த்தது. அந்த ஊரின் பெயரிலேயே 2013இல் பாதரச ஒப்பந்தம் உருவானது. 2017 ஆகஸ்டில் நடப்புக்கு வந்தது. 2022இல் பாலியில் கூடிய உறுப்பு நாடுகள், பால்பற்களுக்கும் பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் கருவுற்ற, பாலூட்டும் தாய்மார்களுக்கும் அமல்கம் வைக்கக்கூடாது, டாக்டர் அவசியம் என்று கருதினால் மட்டும் விலக்கு என்று முடிவெடுத்தன. ஐரோப்பிய ஒன்றியம் இந்தத் தடையைப் பிள்ளைகளுக்கு 2018 ஜூலையிலேயே கொண்டுவந்துவிட்டது. 2025 தொடக்கத்திலிருந்து பெரியவர்களுக்கும்.

ஆகவே இன்று ஒரு பிள்ளைக்கு வெள்ளி அடைப்பு என்ற பேச்சு எழுந்தால் "வேறு வழி இல்லையா?" என்று கேட்பது உங்கள் உரிமை. ஆனால் ஏற்கெனவே நன்றாக இருக்கும் வெள்ளி அடைப்பைப் பயந்துபோய்த் தோண்டி எடுக்கச் சொல்லாதீர்கள். எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வெளிவரும். நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும்.

வெள்ளை அடைப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு பொருள்கள் இருக்கின்றன. குழப்பம் எல்லாம் இங்கேதான்.

ஒன்று காம்போசிட். ஒரு வகைப் பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகளும் சேர்ந்தது. பல்லின் நிறத்துக்குப் பொருத்தமாகக் கிடைக்கும், வழுவழுப்பாக இருக்கும், அடைத்தது தெரியாது. தனியார் கிளினிக்கில் மூன்று மடங்கு விலை சொன்னது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். இதை வைப்பதற்கு ஒரு சடங்கே இருக்கிறது. பல்லை அமிலக் கூழால் துடைத்து, கழுவி, உலர்த்தி, ஒட்டும் பசை தடவி, அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் நீல ஒளியைக் காட்டி இறுக வைக்க வேண்டும். நீல விளக்குக்கு மின்சாரம் வேண்டும் என்பது வேறு எந்த ஊருக்கும் பிரச்சினையாக இருக்கலாம், ரவாங்குக்கு இருக்கக்கூடாது: லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் 1894இல் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின் இயந்திரம் கொண்டுவந்ததிலிருந்துதான் இந்த நாட்டின் மின்சார வரலாறே தொடங்குகிறது. பிரச்சினை எச்சில்தான். இந்தச் சடங்கு நடுவில் ஒரு சொட்டு எச்சிலோ இரத்தமோ பட்டுவிட்டால் பசை பிடிக்காது. சில மாதத்தில் ஓரத்தில் இடைவெளி விழும், அதன் வழியே அடியில் மறுபடி சொத்தை ஓடும். பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் விரிப்பு கட்டி வேலை செய்தால் நன்றாக நிற்கும். எட்டு வயதுப் பிள்ளை இதற்கு ஒத்துழைக்கும். நான்கு வயதுப் பிள்ளை அழுது, நாக்கைத் தள்ளி, டாக்டர் கையைப் பிடித்து இழுக்கும்போது எத்தனை வெள்ளி கொடுத்தாலும் காம்போசிட் உழைக்காது. இந்தப் பிசினிலிருந்து பிஸ்பீனால் என்ற வேதிப்பொருள் கசியும் என்று படித்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள். அடைத்த சற்று நேரத்துக்குச் சொற்ப அளவு இருக்கலாம். மேற்பரப்பைத் துடைத்து, பிள்ளையைக் கொப்பளிக்கச் சொன்னால் அதுவும் குறையும்.

இரண்டாவது கிளாஸ் அயனோமர். இதை 1972இல் இலண்டனில் அரசு வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் அறிமுகப்படுத்தினார்கள். ஒரு வகைக் கண்ணாடித் தூளையும் ஒரு அமிலக் கரைசலையும் குழைத்தால் சில நிமிடத்தில் இறுகிவிடும். சுண்ணாம்பு நிறம், கொஞ்சம் மங்கல். அழகுப் போட்டியில் தோற்றுவிடும். ஆனால் இது பல்லோடு தானாகவே வேதியியல் முறையில் ஒட்டிக்கொள்கிறது. சிறிது ஈரம் இருந்தாலும் கோபித்துக்கொள்ளாது. சிறுகச் சிறுக ஃபுளோரைடை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். நீல ஒளி வேண்டாம், நாற்காலி கூட வேண்டாம்.

இந்தப் பொருளை வைத்து இன்று செய்யப்படும் ஒரு முறையை 1980களின் நடுவில் தான்சானியாவில் யோ ஃபிரென்கென் என்ற டச்சு டாக்டர் தொடங்கினார். மின்சாரமில்லாத கிராமங்களில், துளையிடும் இயந்திரம் இல்லாமல், கைக்கரண்டியால் மெத்தென்று இருக்கும் சொத்தையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு அடைத்துவிடுவது. ஊசியும் பெரும்பாலும் தேவைப்படாது. பின்னாளில் அதற்குக் கெட்டியான கிளாஸ் அயனோமர் வகைகளும் வந்தன. உலகச் சுகாதார நிறுவனம் 1994இல் இந்த முறையை முன்னிறுத்தியது. இயந்திரச் சத்தத்துக்கே கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி. பள்ளி வகுப்பறையில், பாலர் பள்ளி மேசையில், சமூக மண்டபத்தில் எங்கும் செய்யலாம். பழைய நாள்களில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையில் வைத்துக்கூடச் செய்திருக்க முடியும். 2021இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனம் சேர்த்த பல் பொருள்களில் கிளாஸ் அயனோமரும் ஒன்று.

இதன் பலவீனமும் தெளிவாகத் தெரியும். மேல்பக்கத்தில் மட்டும் இருக்கும் ஓட்டையில் இந்த முறையில் வைத்த அடைப்புகள் இரண்டு ஆண்டு கழித்தும் 100இல் 90க்கு மேல் நிற்கின்றன. நான் மேலே சொன்ன இடுக்குச் சொத்தையில், அதாவது மேல்பக்கமும் பக்கவாட்டும் சேர்ந்து அடைக்க வேண்டிய இடத்தில், அது 65 வாக்கில் இறங்கிவிடுகிறது. மூன்றில் ஒன்று உடைகிறது அல்லது பெயர்கிறது. பத்தாங் காலி அம்மாவுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். வைத்தவர் சரியாக வைக்கவில்லை என்றோ, பொருள் மட்டமானது என்றோ உடனே முடிவுக்கு வராதீர்கள். இரண்டு பக்க ஓட்டைக்கு அந்தப் பொருள் தாக்குப்பிடிக்காமல் போயிருக்கலாம். அதே சமயம் மூன்று மடங்கு விலையில் காம்போசிட் வைத்தாலும், மகன் வாயைத் திறந்து அசையாமல் இருபது நிமிடம் இருப்பானா என்பதுதான் முடிவு செய்யும். இந்த இரண்டுக்கும் நடுவில் பிசின் கலந்த கிளாஸ் அயனோமர் ஒன்று 1990களில் வந்தது. நீல ஒளியில் உடனே இறுகும், சாதாரண வகையைவிட வலு அதிகம், காம்போசிட் அளவுக்கு ஈரத்துக்கு அஞ்சாது. சிறிய, நடுத்தர ஓட்டைக்கு இது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நீலம், ரோஜா, பச்சை, பொன் நிறங்களில் மினுமினுப்போடு ஒரு அடைப்பு வகையும் இருக்கிறது. காம்போமர் என்று பெயர். பிள்ளை தானே நிறம் தேர்ந்தெடுக்கலாம். ஆசையாக இருந்தால் சரி.

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் அதிக இடம் எஃகுத் தொப்பிக்குத்தான் கொடுக்க வேண்டும். சுங்கை சோ தாத்தா கோபித்துக்கொள்ளக்கூடாது.

கடைவாய்ப் பால்பல் வடிவத்திலேயே, பல அளவுகளில், துருப்பிடிக்காத எஃகில் ஆயத்தமாகச் செய்த உறை இது. பல் முழுவதையும் மூடிவிடும். 1950களிலிருந்தே பயன்பாட்டில் இருக்கிறது. முன்பெல்லாம் ஊசி போட்டு, பல்லைச் சுற்றிலும் ராவி, பிறகுதான் மாட்டுவார்கள். ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்று ஒரு பல் டாக்டர். நிபுணர் அல்ல, சாதாரணக் கிளினிக் வைத்திருந்தவர். பிள்ளைகள் ஊசிக்கும் இயந்திரத்துக்கும் பயப்படுவதைப் பார்த்து அவர் வேறு வழியைப் பிடித்தார். சொத்தையைச் சுரண்டவே இல்லை. ஊசி இல்லை, ராவுதல் இல்லை. சரியான அளவுத் தொப்பியில் கிளாஸ் அயனோமர் பசையை நிரப்பி, சொத்தைப் பல்லின்மேல் வைத்து, பிள்ளையையே கடிக்கச் சொல்லி அழுத்திவிட்டார். கேட்டவர்கள் அதிர்ந்தார்கள். சொத்தையை உள்ளேயே விட்டு மூடுவதா? ஆனால் சொத்தையை உண்டாக்கும் கிருமிக்கு உயிர் நாம் தின்னும் சர்க்கரைதான். உணவு புகாமல் இறுக மூடினால் அது அடங்கிவிடுகிறது. அவருடைய ஆண்டுக்கணக்கான நோயாளி ஏடுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். அடுத்து டன்டீ பகுதியில் 132 பிள்ளைகளிடம், ஒரே வாயில் ஒரு பல்லுக்கு வழக்கமான அடைப்பும் இன்னொன்றுக்கு ஹால் முறைத் தொப்பியும் வைத்து ஒப்பிட்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து வலி, சீழ் போன்ற பெரிய தோல்விகள் தொப்பி வைத்த பற்களில் 3 விழுக்காடு, அடைத்த பற்களில் 16.5 விழுக்காடு. ஒரு சாதாரணக் கிளினிக் டாக்டர் பிள்ளைகளின் அழுகையைக் கவனித்ததிலிருந்து இப்படி ஒன்று வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

எல்லாப் பல்லுக்கும் இது ஆகாது. ஏற்கெனவே இரவில் வலித்திருந்தாலோ, ஈறில் சீழ்க்கொப்புளம் இருந்தாலோ, எக்ஸ்ரேயில் சொத்தை நரம்பைத் தொட்டிருந்தாலோ வெறுமனே மூடக்கூடாது. நிக்கல் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் யோசிக்க வேண்டும். மாட்டிய முதல் சில நாள் கடி உயரமாகத் தெரியும், "பல்லு இடிக்குதும்மா" என்று பிள்ளை சொல்லும். சில வாரத்தில் தானே சரியாகிவிடும். தாத்தாவின் கவலைக்கு என் பதில்: சிரித்தால் தெரிவது முன்பற்கள்தான். கீழ்க்கடைவாயில் தொப்பி போட்டிருந்தால் வாயை அகலத் திறந்து சிரிக்கும்போது கொஞ்சம் மின்னும். பத்து, பதினொரு வயதில் பல் விழும்போது தொப்பியும் அதோடு சேர்ந்தே விழுந்துவிடும். அதுவரை பேத்தி இரண்டு பக்கமும் மென்று சாப்பிடுவாள். இன்னும் ஒன்று, பிள்ளைகளுக்கு அது அவமானமாகத் தெரிவதில்லை. நாம் முகம் சுளித்தால்தான் தெரியும்.

கறுப்பு மருந்து ஒன்றும் இருக்கிறது. வெள்ளியும் ஃபுளோரைடும் சேர்ந்த திரவம், 38 விழுக்காடு. ஜப்பானில் 1960களின் இறுதியில் வந்தது. ஒரு சொட்டைச் சொத்தையில் தடவி ஒரு நிமிடம் விடுவார்கள்; பெரும்பாலும் சொத்தை மேலும் ஓடாமல் நின்று கெட்டியாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தடவுவார்கள். இரண்டு வயதுப் பிள்ளை, உடல் குறையுள்ள பிள்ளை, நாற்காலியில் ஏறவே மறுக்கும் பிள்ளை ஆகியோருக்கு இது வரப்பிரசாதம். விலை? சொத்தை இருந்த இடம் கரியாகக் கறுத்துவிடும். முன்பல் என்றால் பெற்றோர் தயங்குவது நியாயம்தான். கடைவாய் என்றால் தயங்க வேண்டியதில்லை என்பேன். ஆனால் தடவுவதற்கு முன்னால் கறுக்கும் என்பதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒருவர் சொல்லாமல் தடவிவிட்டால் பிறகு எவ்வளவு விளக்கினாலும் அம்மாக்களின் மனம் ஆறாது.

சொத்தை நரம்பு வரை போய்விட்டால் அடைப்புப் பேச்சு முடிந்தது. நரம்பின் மேல்பகுதியை மட்டும் எடுத்து மருந்து வைத்து மூடுவார்கள், அல்லது வேர் வரை சுத்தம் செய்து ஒரு பசையை நிரப்புவார்கள். பெரியவர்களின் வேரில் நிரப்புவது கட்டாபெர்ச்சா. நம் நாட்டுக் காடுகளின் தாபான் மரத்துப் பாலிலிருந்து வருவது. 1843இல் மருத்துவர் மொன்ட்கோமரி அதை சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்கு அனுப்பிவைத்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே பல் அடைக்கவும் அதை எடுத்துக்கொண்டார்கள். பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டி காலத்துக்கு முன்பே இந்த மண்ணின் இன்னொரு மரத்துப் பால் உலகின் வாய்களுக்குள் போயிருக்கிறது. ஆனால் பால்பல்லுக்கு அது ஆகாது. அடியிலிருந்து நிரந்தரப் பல் மேலேறும்போது பால்பல்லின் வேர் கரைந்து இடம்விட வேண்டும், கட்டாபெர்ச்சா கரையாது. அதனால் தானே கரைந்துபோகும் பசையைத்தான் வைப்பார்கள். சில வகைகளில் கிராம்பு எண்ணெயின் சாரம் இருக்கும். கிளினிக்கில் மூக்கைத் துளைக்கும் அந்த வாசனை அதுதான். இந்த வேலை செய்த கடைவாய்ப் பல்லுக்கு மேலே எஃகுத் தொப்பி கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெறும் அடைப்போடு விட்டால் பல் பிளந்துவிடக்கூடும்.

ஆகையால் கிளினிக்கில் "எது நல்ல பொருள்?" என்று மட்டும் கேட்டால் பதில் சரியாக வராது. "இந்தப் பல் இன்னும் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும்? ஓட்டை ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? என் பிள்ளை இதற்கு உட்காருமா?" என்று கேளுங்கள். ஒன்பதரை வயதில் ஆடத் தொடங்கும் பல்லுக்கு கிளாஸ் அயனோமர் போதும். நான்கு வயதில் இரண்டு பக்கம் ஓட்டை விழுந்த பல் இன்னும் ஆறேழு ஆண்டு நிற்க வேண்டும், அதற்கு நான் தொப்பியைத்தான் தேர்ந்தெடுப்பேன். அடைத்துவிட்டு "எப்போது மறுபடி பார்க்க வேண்டும்?" என்று கேட்க மறக்காதீர்கள். அடைப்பு நிற்கிறதா என்று பார்க்க யாரும் போவதில்லை. வலித்தால்தான் போகிறோம்.

அடைப்பதற்கு முன்னால் செய்யக்கூடியதை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன், நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். புட்டிப்பாலை வாயில் வைத்தபடியே பிள்ளையைத் தூங்கவிடுவது, பால்புட்டியில் மைலோவும் சீனிப்பாலும் கரைத்துக் கொடுப்பது, அழுகையை நிறுத்த நாளெல்லாம் இனிப்பு உறிஞ்சக் கொடுப்பது ஆகிய மூன்றும் போதும் நான்கு பல்லை முடிக்க. முதல் பல் முளைத்ததிலிருந்தே ஃபுளோரைடு பற்பசையால் துலக்கலாம். மூன்று வயதுக்குள் ஒரு அரிசி அளவு, அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு. துலக்கிவிடுவது நீங்கள், பிள்ளை அல்ல. ஏழெட்டு வயது வரைக்கும் அப்படித்தான். குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்க 1972இல் அரசாங்கம் முடிவெடுத்தது. இப்போது அது பத்து இலட்சத்தில் அரைப் பங்கு. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அது போகாது. ஆனால் தாமான் வீடுகளில் இப்போது மாட்டிவைத்திருக்கும் சவ்வூடு வடிகட்டிகள் அதையும் சேர்த்து எடுத்துவிடும். அப்படிப்பட்ட வடிகட்டி வீட்டில் இருந்தால் பற்பசைதான் துணை. பழைய தோட்டங்களில் கிணற்று நீரும் ஆற்று நீரும் குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்த உதவி கிடைக்கவில்லை. நம் தாத்தாமார் பொக்கைவாய்க்கு வெற்றிலை பாக்கு மட்டும் காரணம் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அரசாங்கப் பல் குழு உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு வரும்முன் ஒரு ஒப்புதல் பாரம் பையில் வரும். அது பெரும்பாலும் மலாய் மொழியில் இருக்கும். பாட்டி கையில் கிடைத்தால் மின்கட்டண ரசீதோடு சேர்த்து மடித்து அலமாரியில் வைத்துவிடுவார். கையெழுத்து இல்லாத பிள்ளையை மிஸ்ஸி சிகிச்சைக்கு உட்கார வைக்க முடியாது. அந்தப் பிள்ளை மட்டும் வகுப்பிலேயே இருந்துவிடும், அதன் ஓட்டை அடுத்த ஆண்டு வரை காத்திருக்கும். பாரத்தில் ஒவ்வாமை, இருதயக் கோளாறு, இழுப்பு போன்ற நோய்களைக் கேட்கும் கட்டங்கள் இருந்தால் அவற்றை நிரப்புங்கள். புரியாவிட்டால் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். என்ன பொருள் வைத்து அடைத்தார்கள் என்று அட்டையில் எழுதியிருந்தால் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேறு கிளினிக்குக்குப் போகும்போது உதவும். உங்கள் பள்ளிக்குப் பல் குழு கடைசியாக எப்போது வந்தது என்று செரண்டா, கோலக்குபு பாரு, பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் பக்கத்து வாசகர்கள் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றைத் தொகுத்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்